“அங்கும் தமிழ்தானே” என்று கொழும்புக்குக் கிளம்புகிறவருக்கு

கேள்வி இதுதான்: “கணவருக்குக் கொழும்பில் வேலை. ஏழு வயது மகளுடன் மதுரையிலிருந்து குடிபெயர்கிறோம். விமானத்தில் ஒரு மணி நேரம், அங்கும் தமிழ்தானே பேசுகிறார்கள், வெளிநாடு என்று பயப்பட ஏதாவது இருக்கிறதா? அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?”

பயப்பட ஒன்றுமில்லை சகோதரி. ஆனால் “அங்கும் தமிழ்தானே” என்ற அந்த நினைப்பை மதுரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2014இல் திண்டுக்கல்லிலிருந்து நானும் அதைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். துபாய்க்குப் போகிறவர்கள் அந்நிய நாட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்தே போகிறார்கள், தெரியாததைக் கேட்டுக்கொள்கிறார்கள். கொழும்புக்கு வரும் நம்மவர்களுக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் பலகையெல்லாம் தமிழ். வெள்ளவத்தைக்கு வந்தால் கோயில் மணி, பூக்கடை, இடியப்பம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் வரிசையாகத் தவறு செய்தேன்.

வந்த இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கார அன்ரி ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். “கொஞ்சம் கறி கொண்டுவந்திருக்கிறேன், பிள்ளை” என்றார். “மன்னிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை நாங்கள் கறி சாப்பிடுவதில்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது எனக்குப் புரியவில்லை. கிண்ணத்தில் இருந்தது கத்தரிக்காய். இங்கே கறி என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவும் கறிதான். ஆட்டுக்கறி என்று நாம் சொல்வதை ஆட்டிறைச்சி என்பார்கள். காய்கறிக்கு மரக்கறி என்று பெயர். நீங்கள் சைவமானால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: தேங்காய்ச் சம்பலில் மாசி போடுவது இங்கே வழக்கம். மாசி என்றால் காய்ந்த சூரைமீன் தூள். காய்தானே, சம்பல்தானே என்று வாயில் போட்டுவிடாமல் “மாசி இருக்கிறதா?” என்று கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சொற்களில் இப்படி நிறைய இருக்கிறது. பேசுவதைக் கதைப்பது என்பார்கள். “அவரைப் பேசினேன்” என்றால் திட்டினேன் என்று பொருள். என் கணவரின் அலுவலகத்தில் ஒருவரிடம் “நேற்று உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்” என்று நான் சொன்னபோது அவர் திடுக்கிட்டதற்கு அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. மகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு “அதிபரைச் சந்திக்கவும்” என்று கடிதம் வந்தால் நாட்டின் அதிபரை நினைத்துக் கலங்காதீர்கள். பள்ளியின் தலைமையாசிரியருக்குத்தான் இங்கே அதிபர். நாட்டின் தலைவர் ஜனாதிபதி. வகுப்புக்குத் தரம். நாற்காலி கதிரை, சர்க்கரை சீனி, துண்டு துவாய், சோப்பு சவர்க்காரம், ரொட்டி பாண், பீன்ஸ் போஞ்சி, முட்டைக்கோஸ் கோவா, வேர்க்கடலை கச்சான். கடைப்பலகையில் “ரின் மீன்” என்று படித்துவிட்டு அது என்ன வகை மீன் என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆங்கிலத்தின் ‘ட’ ஒலியை இங்கே பலர் ‘ர’ போட்டு எழுதுவார்கள். டின் மீன்தான் ரின் மீன். ஆன்டியும் அன்ரி ஆனது அப்படித்தான்.

சிங்களம் தெரியாமல் கொழும்பில் வாழ்ந்துவிடலாம், வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டையின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் தமிழ் போதும். சட்டப்படி தமிழும் அரச மொழிதான், 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து. ஆனால் சட்டத்தில் இருப்பது ஒவ்வொரு கவுன்ட்டரிலும் இருப்பதில்லை. எனவே நூறு சிங்களச் சொற்களையாவது முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். “கீயத” என்றால் எவ்வளவு, “ஹரி” என்றால் சரி, “எப்பா” என்றால் வேண்டாம், “பஹினவா” என்றால் இறங்குகிறேன். இவை தெரிந்தாலே பஸ்ஸிலும் சந்தையிலும் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். ஒரு வேடிக்கை சொல்கிறேன். முதல் முறை முச்சக்கரவண்டியில் ஏறியபோது ஓட்டுநர் “அக்கா” என்று கூப்பிட்டார். ஆகா, தமிழர் என்று என் கதையையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான் தெரிந்தது, சிங்களத்திலும் அக்கா அக்காதான். அம்மாவும் அப்படியே. ஐயாவில் மட்டும் கவனம்: சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். எழுபது வயதுப் பெரியவரை நான் மரியாதையாக ஐயா என்று கூப்பிட்டு அவரைக் குஷிப்படுத்தியிருக்கிறேன்.

இனி வீடு. தமிழர்கள் பெரும்பாலும் வெள்ளவத்தையைத்தான் தேடுவார்கள். கொழும்பு 6 என்றாலும் அதுதான். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள், அதாவது சந்துகள், இறங்கும். அவற்றின் முடிவில் மரைன் டிரைவ் சாலை, அடுத்து ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கடல் பக்கம் வீடு கிடைத்தால் மாலைக் காற்று அருமை என்பார்கள். அருமைதான். அந்தக் காற்றில் உப்பும் சேர்ந்து வரும் என்பதைத் தரகர் சொல்ல மாட்டார். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் மூன்றாவது வருடத்தில் துருவாக உதிர்ந்தது. கதவுக் கீல், சைக்கிள், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாவற்றுக்கும் அதே கதி. காலி வீதிக்கு உள்பக்கம் வீடு எடுத்தால் காற்று குறையும், சாமான் தப்பிக்கும். எந்தப் பக்கமானாலும் ஈரப்பதம் உண்டு. மழைக்காலத்தில் தோல் செருப்பும் பட்டுப்புடவையும் அலமாரிக்குள்ளேயே பூத்துவிடும். தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கும், அக்டோபர், நவம்பரில் மாலை இடியோடு இன்னொரு சுற்று. மதுரை வெயிலில் வளர்ந்தவருக்கு மழை பெரிய சந்தோஷமாக இருக்கும், துணி காயாத நான்காவது நாள் வரை.

வாடகையில் மாதாமாதம் கொடுக்கிற பழக்கத்தை எல்லா உரிமையாளரும் ஏற்பதில்லை. ஆறு மாத வாடகையையோ ஒரு வருட வாடகையையோ முற்பணமாக மொத்தமாகக் கேட்பார்கள்; அதற்கு மேல் வைப்புத்தொகை தனி. கிளம்புவதற்கு முன்பே கணவரின் நிறுவனத்திடம் பேசி இதற்கு வழி செய்துகொள்ளுங்கள், வந்திறங்கிய பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். பெரிய தொடர்மாடி வேண்டாமென்றால் ‘அனெக்ஸ்’ என்று விளம்பரங்களில் தேடுங்கள். உரிமையாளர் வீட்டை ஒட்டித் தனி வாசலோடு இருக்கும் சிறு வீடு அது. வந்த முதல் வருடத்துக்கு அதுவே நல்லது என்பேன். எங்களுக்கு வாய்த்ததும் அனெக்ஸ்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அன்ரி இருந்தால் பாதிப் பிரச்சினைக்கு வழி கிடைத்துவிடும். ஒப்பந்தத்தில் எதற்கு எவர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். எங்கள் இரண்டாவது வீட்டு உரிமையாளர் வைப்புத்தொகையில் பாதியைச் சுவரில் இருந்த ஈரக்கறைக்காகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கறை நாங்கள் குடிபோகும்போதே இருந்தது. படம் எடுத்து வைக்காதது என் தவறு.

மின்சாரக் கட்டணம் மாதாமாதம் வரும், நம் ஊர் போல இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இல்லை. இலவச யூனிட்டும் இல்லை. யூனிட் கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறுவதால் ஏசியை விடிய விடிய ஓடவிடுபவர்கள் முதல் பில்லிலேயே திருந்துவார்கள். தண்ணீருக்காகக் குடம் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர் சுத்திகரித்து வருவது. கொதிக்கவைத்துக் குடிக்கிறோம், கேன் வாங்குவதில்லை. எரிவாயுவுக்குப் பதிவுப் புத்தகம், முறை எதுவும் கிடையாது. முதல் முறை சிலிண்டரையும் சேர்த்து வாங்கிவிட்டால் பிறகு காலியானதைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துக்கொள்ளலாம், பெரியது 12.5 கிலோ. குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து பலர் வீடுகளோடு புதைந்து இறந்தார்கள். அதன் பிறகு மாநகர சபை இதில் விளையாடுவதில்லை. பூந்தொட்டியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். புழு இருந்தால் வழக்கு, அபராதம்.

விசா விஷயம் சுருக்கமாக: சுற்றுலா விசாவில் இறங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறுவனத்தின் கோரிக்கையில் நுழைவு விசா பெற்று வந்து, பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் வதிவிட விசாவாக மாற்ற வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் அசலாகக் கையில் வைத்திருங்கள். திருமணச் சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததற்காக நான் திண்டுக்கல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அதைவிட முக்கியமானது, யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது: கணவரைச் சார்ந்து வரும் விசாவில் நீங்கள் வேலை செய்ய முடியாது. ஊரில் எட்டு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். இங்கே வந்து காலை எட்டு மணிக்கு அவரும் பிள்ளையும் கிளம்பிய பிறகு மாலை வரை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு மாதம் புது ஊர்ப் பரபரப்பில் போய்விடும். மூன்றாவது மாதத்தில்தான் அது கனக்கும். ஒரு நாள் சாம்பார் சரியாக வரவில்லை என்று உட்கார்ந்து அழுதேன். சாம்பார் உண்மையிலேயே சரியாக வரவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். என்னை வெளியே இழுத்தது வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கியது; நூலகம் உண்டு, மாலையில் கூட்டம், சொற்பொழிவு, நூல் வெளியீடு ஏதாவது நடக்கும். நூலகத்தில் தினமும் பார்த்த முகங்கள் ஒரு மாதத்தில் வணக்கம் சொன்னார்கள். ஆறு மாதத்தில் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தார்கள். பொழுதை என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். வீடு தேடுவதைப் போலவே அதுவும் தேட வேண்டிய ஒன்று.

சாம்பார். இங்கே பருப்பு என்று கேட்டால் கிடைப்பது சிவப்பு மைசூர்ப் பருப்பு. தேங்காய்ப் பாலில் வேகவைத்த பருப்புக்கறிக்கு அது அமிர்தம், சாம்பாருக்குக் குழைந்து கஞ்சியாகிவிடும். துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி எல்லாம் வெள்ளவத்தைக் கடைகளில் கிடைக்கும், விலைதான் உறுத்தும். மொத்தமாக வேண்டுமென்றால் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு. பொன்னி அரிசியைத் தேடி அலையாமல் நாட்டரிசி, சம்பா, கீரிச்சம்பா என்று ஒவ்வொன்றாகப் பழகுங்கள். தேநீரில் பெரும்பாலும் பால்மாவு. காலையில் பால்காரர் வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாக்கெட் பால் சூப்பர்மார்க்கெட்டில் இருக்கிறது. மண்சட்டியில் வரும் எருமைத் தயிருக்கு மேல் கித்துள் பாணியை, அதாவது ஒரு வகைப் பனையின் பாகை, ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள், பாலைப் பற்றி நான் சொன்ன குறையெல்லாம் மறந்துவிடும். இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் என்பதால் முதலில் எல்லா விலையும் மயக்கம் தரும். மனதுக்குள் வகுத்துப் பார்க்கும் பழக்கத்தை மூன்று மாதத்தில் நிறுத்திவிடுங்கள். சம்பளம் இந்த ரூபாயில்தானே வரப்போகிறது? ஊரில் இருக்கும் வங்கிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றுவதையும் மறக்க வேண்டாம்.

பஸ்ஸில் ஏறும்போது ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் இடது பக்கம் பெண்களுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு போய் உட்காருவோம். இங்கே அப்படிப் பிரிவு கிடையாது. ஆனால் முன் இருக்கை மதகுருமாருக்கு. 100ஆம் இலக்கப் பஸ்ஸில், முன்னால் ஒரு பிக்கு அமர்ந்திருக்க, பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று நான் போய் உட்கார்ந்தேன். பஸ் முழுவதும் அமைதியானது. பிக்கு எதுவும் சொல்லாமல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். நடத்துனர்தான் தயக்கத்தோடு “மிஸ், பின்னால்” என்றார். பெண்கள் பிக்குவை ஒட்டி அமர்வது வழக்கமில்லை. யாரும் கோபப்படவில்லை, எனக்குத்தான் இன்றும் கூசுகிறது. வெள்ளவத்தையிலிருந்து நகர மையமான கோட்டைக்குப் போக கடலோர ரயில் இருக்கிறது. அலுவலக நேரத்தில் தொங்கிக்கொண்டுதான் போவார்கள், பதினொரு மணிக்குப் போனால் உலகத்திலேயே அழகான பயணம். முச்சக்கரவண்டிக்குச் செயலியில் பதிவு செய்துவிட்டால் பேரம் மிச்சம். பாதசாரிக் கடவையில் கால் வைத்தால் வண்டிகள் நிற்கும். உண்மையாகவே நிற்கும். மதுரைப் பழக்கத்தில் நீங்கள் நடுவில் தயங்கி நின்றால்தான் ஓட்டுநருக்குக் குழப்பம்.

மகளின் பள்ளிக்கு வருகிறேன். வெளிநாட்டவரின் பிள்ளைகள் போவது பெரும்பாலும் சர்வதேசப் பள்ளிகளுக்கு, லண்டன் பாடத்திட்டம். மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள், சேர்க்கும்போது ஒரு முறை வாங்கும் தொகையைக் கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் பள்ளியையே மாற்றினோம். இரண்டு மூன்று வருடத்தில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், திரும்பிப் போய் எந்த வகுப்பில், எந்த வாரியத்தில் சேர்ப்பீர்கள் என்பதையும் இப்போதே கணக்குப் போடுங்கள். ஏழு வயதுக் குழந்தை உங்களைவிட வேகமாகப் பழகிவிடுவாள். ஆறாவது மாதம் “அம்மா, கதைக்காதீங்கோ” என்று உங்களையே அடக்குவாள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் சிறப்பு மருத்துவரைச் ‘சனல்’ செய்ய வேண்டும். பகலில் அரசு வைத்தியசாலையில் பணிபுரியும் நிபுணர்கள் மாலையில் தனியார் வைத்தியசாலைகளில் பார்ப்பார்கள். முன்கூட்டி எண் எடுத்துக்கொண்டு போய்க் காத்திருப்பதுதான் சனல். எண் 23 என்றால் இரவு உணவை முடித்துவிட்டுப் போகலாம். அவசரத்துக்கு 1990, இலவச ஆம்புலன்ஸ், 2016இல் இந்திய உதவியோடு தொடங்கியது. அந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

விடுமுறை நாட்கள் உங்களைத் திக்குமுக்காட வைக்கும். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. மது கிடையாது, இறைச்சிக்கடை கிடையாது. மே மாதம் வரும் பௌத்தர்களின் வெசாக் பண்டிகையில் தெருவெங்கும் வெசாக் கூடுகள் என்னும் காகித விளக்குகள், வழியில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு இலவசமாகச் சோறும் ஐஸ்கிரீமும் தரும் தன்சல்கள். வரிசையில் தயங்காமல் நில்லுங்கள், நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு முருகனின் வேல் ஊர்வலம் வரும். ஏப்ரல் புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாள். அந்தச் சமயத்தில் கொழும்பே ஊருக்குப் போய்விடும், கடைகள் பல நாள் திறக்காது. முதல் வருடம் இது தெரியாமல் மூன்று நாள் பிஸ்கட்டும் பாணும் தின்றோம்.

இனி, எழுதத் தயங்கும் விஷயம். இங்கே தமிழர் என்பது ஒரே கூட்டமில்லை. யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே வாழ்பவர்கள், தமிழ் பேசும் முஸ்லிம்கள் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரலாறு. நாம் இந்தியத் தமிழர் என்று சொன்னால் மலையகமா என்று கேட்பார்கள். இந்தியத் தமிழர் என்ற சொல் இங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத்தாரைக் குறிக்கும். “தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறோம்” என்று சொல்லுங்கள். போரைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். நான் எடுத்தேன். வந்த புதிதில் அன்ரியிடம், உங்களுக்காக எங்கள் ஊரில் எவ்வளவு ஊர்வலம் போனோம் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, உங்கள் மகளுக்குப் பல் விழுந்துவிட்டதா என்று கேட்டார். 1983 ஜூலையில் இதே ஒழுங்கையில் அவருடைய வீடு எரிந்தது என்பதை மூன்று வருடம் கழித்து அவரே சொன்னார், மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மதிய நேரத்தில்.

2022இல் டொலர் தட்டுப்பாட்டில் எரிவாயு இல்லை, பெட்ரோல் இல்லை, நாளில் பாதி மின்சாரம் இல்லை. ஊரிலிருந்து எல்லோரும் திரும்பி வா என்றார்கள். அன்ரி வீட்டில் பாதி சிலிண்டர் இருந்தது, என்னிடம் அரிசியும் துவரம்பருப்பும் இருந்தன. எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் முற்றத்தில் பலா மரம். மூன்று வீட்டுக்கும் ஒரே அடுப்பில் ஒரு வேளைச் சமையல் என்று ஏழு வாரம் ஓட்டினோம். பலாக்காய்க் கறி வைக்க நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். என் சாம்பாரை எதிர்வீட்டுப் பாட்டி கடைசிவரை ரசம் என்றே சொன்னார்.

பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்டிருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காபி பில்டர், நன்கு பழகிய தோசைக்கல், பெருங்காயம், மகளின் தடுப்பூசி அட்டை, பருத்திப் புடவைகள். பட்டு இரண்டு போதும். இங்கே சதுர முள் பிளக் பரவலாக இருப்பதால் நம் ஊர்க் கிரைண்டருக்கு ஒரு அடாப்டர் வாங்க வேண்டியிருக்கும். குடை கொண்டுவராதீர்கள். காற்றில் அது இரண்டு மழையைத் தாங்காது, எப்படியும் இங்கே வந்து ஒன்று வாங்குவீர்கள்.